டிசி ரிஜிஸ்டர் எக்செல்லை வெப் ஆப்பாக மாற்றணும், எங்கே ஆரம்பிப்பது?

கோராத்துணி

வணக்கம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி ஆபீஸில் இருக்கிறேன். கணக்கு என் வேலை இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்தால் எல்லாம் என் தலையில்தான் விழும். எங்களுக்கு நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி சுருங்காமல் பதப்படுத்துவது) மூன்றுமே ஜாப்வொர்க், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்வது. நூல் போகும், கோராத் துணி (சாயம் போடாதது) வரும், அது டையிங்குக்குப் போகும், கலர் துணியாகத் திரும்பும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான். அத்தனையும் ஒரே கோப்பில். கோப்பின் பெயர் 'டிசி ரிஜிஸ்டர் புதுசு ஃபைனல் 3'. மற்ற இரண்டு எங்கே என்று கேட்காதீர்கள்.

எல்லோரும் பார்க்கட்டும் என்று அதை கூகுள் ஷீட்ஸுக்கு ஏற்றினோம். அதற்கப்புறம்தான் வினை. யாரோ பார்ட்டி பெயர் இருக்கிற நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து சார்ட் (வரிசைப்படுத்தல்) அடித்துவிட்டார், பெயரெல்லாம் அகர வரிசையில் அழகாக நிற்கிறது, ஆனால் ஒருத்தர் துணி இன்னொருத்தர் பெயரில். வெர்ஷன் ஹிஸ்டரி இருந்ததால் பிழைத்தோம். அப்புறம் லாட் நம்பர், அதாவது ஒரு தொகுதி நூலுக்கு வைக்கும் எண். ஈரோட்டு நூலுக்கு நடுவில் ஆங்கில எழுத்து 'இ' போடுவது எங்கள் வழக்கம், 12, இ, 4 என்று அடித்தால் ஷீட் அதை அறிவியல் கணக்கு என்று நினைத்து 1,20,000 ஆக்கிவிடுகிறது. லாட்டைத் தேடினால் கிடைக்காது.

இதைவிடப் பெரிய கூத்து, வரவு எழுதுகிற விதம். 310 கிலோ டையிங்குக்குப் போனது, மூன்று தடவையாக வந்தது என்றால் அதே கட்டத்தில் '142+88+61.5' என்று எழுதுகிறார்கள். எந்தத் தேதியில் எது வந்தது என்று யாருக்கும் தெரியாது. முடிந்த டிசி பச்சை, முடியாதது மஞ்சள்.

முதலாளி இப்போது 'போன்லயே அடிக்கிற மாதிரி ஒரு ஆப் பண்ணிடு' என்கிறார். ஆபீஸில் நாலு பேர், கேட்டில் ஒருவர், கட்டிங்கில் ஒருவர், அவ்வளவுதான். செலவு குறைவாக இருக்க வேண்டும். எனக்கு ஃபார்முலா நன்றாக வரும், கோடிங் சுமார். எதை எடுப்பது?

சொடக்கு

ஆப்ஷீட். யோசிக்கவே வேண்டாம். 2020-ல் கூகுள் வாங்கிய பிறகு ஷீட்ஸ் மெனுவிலிருந்தே நேராகப் போகலாம், ஷீட்டைக் காட்டினால் அதுவே ஃபார்ம் கட்டித் தரும், போனில் நெட் இல்லாவிட்டாலும் அடித்து வைத்துவிட்டுப் பிறகு ஏற்றும். நான் ஒரு குடோனுக்கு ஒரே மத்தியானத்தில் செய்து கொடுத்தேன். ஆள் கணக்குக்கு மாதக் காசு உண்டு, ஆறு பேர் என்றால் தாங்கும்.

ஒன்று மட்டும். வரி எண்ணையே கீயாக (ஒவ்வொரு வரிக்குமான அடையாளமாக) வைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு வரி அழிந்தால் எல்லாம் இடம் மாறி, நீங்கள் சொன்ன சார்ட் கதை ஆப்பிலும் நடக்கும். தனியாக ஐடி நெடுவரிசை போட்டு அதுவே எண் போட்டுக்கொள்ளும்படி விடுங்கள். தலைப்பு முதல் வரியில் இருக்கட்டும், மெர்ஜ் செய்த கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நடுராத்திரி

ஆறு பேருக்கு மாதக் காசு எதற்கு? ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்ஸோடு வரும் கூகுளின் கோடிங் வசதி) இலவசம். ஒரு எச்டிஎம்எல் ஃபார்ம், அதை வாங்கி ஷீட்டில் எழுத ஒரு ஃபங்ஷன், டெப்ளாய் செய்தால் (வெளியிட்டால்) ஒரு முகவரி கிடைக்கும், முடிந்தது.

அடிபட்ட இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் ஒரே நொடியில் சேமித்தால் ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிடலாம், லாக் சர்வீஸ் போட்டுப் பூட்டி எழுதுங்கள். ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டினால் கூகுள் நிறுத்திவிடும், ஃபார்முக்கு இது பிரச்சினை இல்லை, மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்கு ஆகலாம். ஸ்கிரிப்டை மாற்றிவிட்டுப் புது வெர்ஷனாக டெப்ளாய் செய்யாவிட்டால் வெளியே இருப்பவர்களுக்குப் பழைய ஸ்கிரிப்ட்தான் ஓடும், நான் இதில் ஒரு ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டேன். அப்புறம் உங்கள் 'இ' விஷயம், ஸ்கிரிப்ட் வழியாக எழுதினாலும் அந்த வேலையைக் காட்டும். நெடுவரிசையை முதலில் வெறும் எழுத்து ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டு எழுதுங்கள்.

பழையசோறு

தம்பி, எதில் செய்வது என்பதை அப்புறம் பேசலாம். உங்கள் ஷீட்டில் ஒரு வரி என்பது என்ன?

கோராத்துணி

ஒரு டிசி அண்ணா.

பழையசோறு

சரி. அப்படியானால் '142+88+61.5' எப்படி ஒரு வரிக்குள் வந்தது? அது மூன்று வரவு. மூன்று நாள், மூன்று வண்டி, மூன்று எடைச் சீட்டு. நீங்கள் சொல்கிற தொல்லை முக்கால்வாசி அந்த ஒரு கட்டத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஆப்ஷீட்டில் போட்டாலும் ஸ்கிரிப்டில் போட்டாலும் அந்தக் கட்டத்தை அப்படியே கொண்டுபோனால், கேட்டில் இருக்கிறவர் போனில் '142+88+61.5' என்று அடிப்பார்.

இருபது வருடமாக இந்த மாற்றுகிற வேலையைத்தான் செய்கிறேன். ஷீட்டைப் பார்த்தவுடன் ஃபார்ம் வரைய உட்காருபவர்கள் எல்லாம் மூன்றாவது மாதம் கூப்பிடுகிறார்கள். முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பார்ட்டி ஒரு பட்டியல், ஒரு டையிங் பட்டறையின் பெயர் அதில் ஒரே ஒரு தடவைதான் வரும். உங்கள் ஷீட்டில் இப்போது அதே பட்டறை எத்தனை ஸ்பெல்லிங்கில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லாட் ஒரு பட்டியல். டிசி ஒரு பட்டியல்: எண், தேதி, பார்ட்டி, லாட், என்ன வேலை, போன எடை. வரவு தனிப் பட்டியல்: எந்த டிசிக்கு வந்தது, தேதி, எடை, ரோல் எண்ணிக்கை. நாலே பட்டியல்.

இப்போது கணக்கு தானாக விழும். 310 போனது, வந்தது மூன்று வரி, கூட்டினால் 291.5. மீதி 18.5 கிலோ. அது பாக்கியா, ப்ராசஸ் லாஸா (வேலையிலேயே குறைகிற எடையா)? 18.5 என்றால் ஏறக்குறைய 6 சதவீதம். அந்த டையிங்கோடு நீங்கள் பேசி வைத்த லாஸ் எவ்வளவோ அதற்குள் இருந்தால் டிசியை முடித்துவிடலாம், தாண்டினால் போன் அடிக்க வேண்டும். இந்தக் கேள்வியை உங்கள் பழைய ஷீட்டிடம் கேட்கவே முடியாது.

அப்புறம் அந்த நிறம். மஞ்சள் என்றால் என்ன?

கோராத்துணி

துணி இன்னும் முழுதாக வரவில்லை என்று அர்த்தம். என்று எழுதிவிட்டு, சந்தேகத்துக்கு அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் சொல்கிறார், மஞ்சள் என்றால் பில் பாஸ் பண்ணாதே என்று முதலாளி சொன்னது. முதலாளியிடம் கேட்டேன். 'ஷேடு தப்பு, திருப்பி அனுப்பணும்' என்றார். இரண்டு வருடமாக மூன்று பேரும் ஒரே மஞ்சளைப் பார்த்து மூன்று விஷயம் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்பெல்லிங்கும் எண்ணினேன். ஒரே டையிங், பதினொரு விதம். ஒன்றில் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ்.

நடுராத்திரி

அந்த ஸ்பேஸ்தான் பெரிய வில்லன். கண்ணுக்கே தெரியாமல் விலுக்கப்பை (பெயரை வைத்துத் தேடி எடுக்கும் ஃபார்முலாவை) கொல்லும்.

ஆடிட்டர்பையன்

பழையசோறு அண்ணன் சொன்ன வரவுப் பட்டியலுக்கு ஜிஎஸ்டி பக்கமிருந்தும் ஒரு காரணம் இருக்கிறது. ஜாப்வொர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால் அல்லது அங்கிருந்தே விற்கப்படாவிட்டால், நீங்கள் அனுப்பிய தேதியிலேயே அவருக்கு விற்றதாக எடுத்துக்கொள்வார்கள், வட்டியோடு வரி. மெஷினரி மாதிரி கேபிடல் சரக்குக்கு மூன்று வருடம். அதனால் அனுப்பிய தேதியும் திரும்பிய தேதியும் தனித்தனியாக, தேதியாகவே இருக்க வேண்டும். '03/04' என்று யாராவது அடித்து ஷீட் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மாதம் போச்சு. ஷீட்டின் லொக்கேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள்.

ஐடிசி 04 (ஜாப்வொர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம்) போடும்போது எந்தச் சலானுக்கு எது திரும்பியது என்று கேட்பார்கள், லாஸ், வேஸ்ட்டுக்கும் அதில் இடம் உண்டு. டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல் என்றால் அரையாண்டுக்கு ஒரு தடவை, கீழே என்றால் வருடத்துக்கு ஒரு தடவை. உங்கள் ஆடிட்டர் ஒவ்வொரு தடவையும் அந்த '142+88' கட்டத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரிடம் கேட்டால் கதை சொல்லுவார். எங்கள் ஆபீஸில் அது என் வேலை, அதனால்தான் இவ்வளவு நீளம்.

ஆமாம், கணக்கு எழுதும் டேலி இருக்குமே? அதிலேயே ஜாப்வொர்க் மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் உண்டு. ஆப் எதற்கு?

கோராத்துணி

டேலி இருக்கிறது, ஒரே கம்ப்யூட்டரில், அக்கா மட்டும். கேட்டில் வண்டி நிற்கும்போது எடை எழுதுபவர் வேறு. அவர் நோட்டில் எழுதுவார், சாயந்திரம் நோட்டு மாடிக்கு வரும், அதில் பாதி எழுத்து புரியாது. இந்த இடைவெளிக்குத்தான் ஆப் கேட்கிறேன்.

ஈசானமூலை

கூகுளுக்கு வெளியேயும் யோசியுங்கள். பேஸ்ரோ, கிரிஸ்ட் இரண்டும் ஓப்பன் சோர்ஸ். எக்செல்லை இம்போர்ட் செய்தால் பார்க்க ஷீட் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே நிஜமான டேபிள், ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுக்கலாம். ஃபார்முலா கை வந்தவருக்கு கிரிஸ்ட் பிடிக்கும், ஃபார்முலாவைப் பைத்தானிலேயே எழுதலாம். சொந்த சர்வரில் போட்டால் ஆள் கணக்குக்குக் காசு கிடையாது.

ஆனால் சர்வர் என்றால் பேக்கப் உங்கள் பாடு. நான் ஒரு நண்பர் கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்து, பேக்கப் தினம் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். ஓடியது, அதே டிஸ்க்கில். டிஸ்க் போனது. ஆறு வாரக் கணக்கை டிசி புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். அதைப் பார்க்க ஆள் இல்லை என்றால் ஜோஹோ கிரியேட்டர் மாதிரி காசு கொடுத்து வாங்குவதே நிம்மதி, அதுவும் எக்செல்லைக் கொடுத்தால் ஆப் ஆக்கித் தரும்.

களப்பணி

நான் துணிப் பக்கம் இல்லை, கிராமங்களில் சர்வே எடுக்கும் வேலை. எங்களுக்கு ஷீட்டே ஃபார்ம். எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்று ஒரு முறை, ஒரு எக்செல் கோப்பில் சர்வே, சாய்ஸஸ், செட்டிங்ஸ் என்று மூன்று ஷீட். ஒரு வரிக்கு ஒரு கேள்வி, என்ன வகைப் பதில், எதற்கு மேல் எதற்குக் கீழ் இருக்கலாம், தமிழில் கேள்வி எப்படித் தெரிய வேண்டும், எல்லாம் அதிலேயே. ஓடிகே-யிலோ கோபோடூல்பாக்ஸிலோ ஏற்றினால் போனில் ஃபார்ம் தயார், சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும்.

உங்களுக்கு இது பொருந்துமா என்றால், சந்தேகம். இது வீடு வீடாகப் போய் ஒரு தடவை பதில் வாங்கி வரும் வேலைக்குச் செய்தது. நீங்கள் ஒரே டிசிக்குத் திரும்பத் திரும்ப வரவு போடுகிறவர்கள். ஆனால் அதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எடை பூஜ்யத்துக்கு மேல், அனுப்பியதைவிட ரொம்ப அதிகமாக இருந்தால் கேள்வி கேள், தேதி நாளையாக இருக்கக் கூடாது, என்று அடிக்கும்போதே தடுப்பது. சர்வே முடிந்து ஊர் திரும்பியபின் 'வயது 430' என்று பார்த்துத் தலையில் கை வைத்தவள் சொல்கிறேன்.

சொடக்கு

கொஞ்சம் தடம் மாறி ஒன்று. 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பாசிட்டிவ் 15,841 பேர் கணக்கில் விட்டுப்போனது ஞாபகம் இருக்கிறதா? லேப் கொடுத்ததைப் பழைய எக்செல் ஃபார்மட்டில் ஏற்றியிருக்கிறார்கள், அதில் 65,536 வரிதான், மிச்சம் சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிட்டது. நம் டிசி எல்லாம் எம்மாத்திரம்.

நடுராத்திரி

மனித ஜீன் பெயர்களையே மாற்றினார்களே. ஆங்கிலத்தில் மார்ச் 1, செப்ட் 1 என்று சுருக்கப் பெயர் வைத்திருந்த ஜீன்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் பெயர் வைக்கும் குழுவே இறங்கி வந்து வேறு பெயர் வைத்தது. கோராத்துணி, நீங்களும் 'இ'-க்குப் பதில் வேறு எழுத்து வையுங்கள், எக்செல்லோடு யாரும் ஜெயித்ததில்லை.

கோராத்துணி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஷிப்மெண்ட் நேரம்.

ஆப்ஷீட்தான் எடுத்தேன், பழையசோறு அண்ணன் சொன்ன நாலு பட்டியலோடு. பட்டியல் பிரிக்கத்தான் நாலு நாள். ஆப் ஒரு நாள்கூட ஆகவில்லை.

முதல் நாள் கேட்டில் இருக்கும் அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். வயது 58, வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மட்டும் அனுப்புவார். டையிங் வண்டி வந்தது. அவர் ஒரு கையில் எடைச் சீட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு கையில் போன். முதல் கட்டம் 'டிசி எண்'. வண்டிக்காரர் கொடுத்த சீட்டைப் பார்க்கிறார், அதில் எங்கள் டிசி எண்ணே இல்லை, டையிங்காரர்களின் பேட்ச் நம்பர்தான் இருக்கிறது. துணி பாதி பாதியாக வரும்போது அவர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். நோட்டில் இத்தனை நாள் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். 'ரோலைத் தொட்டுப் பாத்தாத் தெரியாதா தம்பி, இது அந்த மெரூன்' என்றார்.

எங்கள் சிஸ்டத்தில் எங்குமே இல்லாத ஒரு இணைப்பு அவர் கையில் இருந்திருக்கிறது.

அதனால் ஃபார்மைப் புரட்டிப் போட்டேன். இப்போது முதலில் பார்ட்டியைத் தொட வேண்டும். உடனே அந்தப் பார்ட்டியிடம் பாக்கி இருக்கிற டிசிகள் மட்டும் வரும், நாலோ ஐந்தோ, ஒவ்வொன்றிலும் கலரும் பாக்கி கிலோவும் பெரிய எழுத்தில். 'மெரூன், 80 கிலோ பாக்கி' என்று பார்த்துத் தொடுவார். கிலோ அடிக்க எண் மட்டும். கடைசியில் சீட்டை ஒரு போட்டோ. எழுத்து எதையும் டைப் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவது நாள் மூன்று வண்டியில் இரண்டை ஆப்பில் போட்டார், ஒன்று நோட்டில். இப்போது எல்லாம் ஆப்பில், நோட்டும் பக்கத்தில் இருக்கிறது, பரவாயில்லை.

பழைய ஷீட்டிலிருந்து பாக்கி டிசிகளை ஏற்றியதுதான் கொடுமை. முடிந்தவற்றை விட்டுவிட்டோம், மஞ்சள் மட்டும் 43. நானும் அக்காவும் இரண்டு சாயந்திரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இது எந்த மஞ்சள் என்று பார்த்தோம். மூன்று டிசிக்கு யாருக்குமே பதில் தெரியவில்லை, அதில் ஒன்று பதினொரு மாதப் பழசு. ஆடிட்டர்பையன் சொன்ன ஒரு வருடம் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. டையிங்குக்குப் போன் போட்டால், துணி அங்கேயேதான் கிடக்கிறது, ஷேடு பிரச்சினையில் ஒதுக்கி வைத்தது, நீங்கள் கேட்பீர்கள் என்று இருந்தோம் என்கிறார்கள்.

பழையசோறு

பழைய ஷீட்டை என்ன செய்தீர்கள்? திறந்தே வைத்திருந்தால் யாராவது பழக்கத்தில் அங்கே அடிப்பார்கள்.

கோராத்துணி

பார்க்க மட்டும் என்று பூட்டிவிட்டேன். பூட்டிய அன்றே இரண்டு பேர் 'எடிட் ஆக்ஸஸ் வேணும்' என்று ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள், ஒருவர் முதலாளி.

ஈசானமூலை

அந்தப் பழைய கோப்பில் ஆட்கள் சம்பள ஷீட் ஏதாவது சேர்ந்து இருக்கிறதா? நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன், டிசி ஷீட்டுக்குப் பக்கத்து டேபில் பீஸ் ரேட் ஆட்களின் ஆதார் எண், பேங்க் அக்கவுண்ட், எல்லாம் 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற ஷேரிங்கில்.

கோராத்துணி

இருந்தது. உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். லிங்க் எல்லா டையிங்காரர்களிடமும் இருக்கிறது. இப்போது தனிக் கோப்புக்கு மாற்றி ஷேரிங்கை அடைத்தாச்சு.

நடுராத்திரி

பேங்க் நம்பரையும் ஒரு தடவை சரிபாருங்கள். முன்னால் பூஜ்யம் இருந்தால் போயிருக்கும், 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகியிருக்கும்.

கோராத்துணி

அது நாளைக்கு. இப்போது ஒரு சின்னக் கேள்வி. துணி கிலோவில் வருகிறது, ஆனால் காலர் பீஸ் கணக்கில் வருகிறது. அதையும் அதே வரவு ஃபார்மிலேயே போடலாமா?

பழையசோறு

போடலாம். லாட் பட்டியலில் அலகு என்று ஒரு நெடுவரிசை சேர்த்து கிலோ, பீஸ் என்று வையுங்கள், வரவு அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். மொத்தம் கூட்டும் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள்.

கோராத்துணி

நேற்றே கூட்டியாச்சு அண்ணா. ஒரு டையிங் எங்களுக்கு 310 கிலோவுக்கு 2,691 கிலோ திருப்பிக் கொடுத்திருப்பதாகக் காட்டுகிறது. முதலாளி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர்களுக்கே அனுப்பி நன்றி சொல்லியிருக்கிறார்.